கறுப்புப் பால்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண்ணெதிரே கிடப்பதைப் பார்க்கத் துப்பில்லை, பெட்டிக்குள் காட்டினால்தான் நம்புவார்கள் என்று பக்தவத்சலம் காறித் துப்பினார்.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் கால்நடை முகாம். தெருத்தெருவாகப் போய்க் கைக்குழந்தைகளுக்குச் சங்கில் கழுதைப்பால் புகட்டுகிறவர் அவர். இரண்டு நாளாகக் குட்டி இடது காம்பில் வாய் வைத்தாலே அவருடைய கழுதை கெங்கா உதைத்தது. ஊசி ஒன்று போட்டுக்கொண்டு போய்விடலாம் என்றுதான் ஓட்டிவந்தார். டாக்டர் ரேஷ்மாவோ அதன் மடியில் சளி மாதிரி எதையோ பிதுக்கித் தடவினாள். சுற்றிலும் அடுக்குமாடிக்காரர்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் செல்போனில் படம் பிடித்தார்கள். கெங்கா வாசலில் விட்டை போட்டால் கல்லெடுக்கிற அதே கைகள்.

"இன்னா நைனா, ஸ்கேனா? ஆணா பொண்ணா?" என்று கத்தினான் ஆட்டோக்காரன் கிருபாகரன்.

"உன் மூஞ்சிதான் தெரியுதாம். வந்து பாரு."

ரேஷ்மா ஸ்கேன் பெட்டியின் சின்னத் திரையைத் திருப்பினாள். "பாருங்க ஐயா. கறுப்பா தெரியுதே, அது பால். உள்ள வெள்ளை வெள்ளையா மிதக்குறது கட்டி. சீழ் வச்சிருக்கு."

"பால் கறுப்பு, சீழ் வெள்ளையா? இன்னாமா, தலகீழ் மிஷினா கீது!"

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"இந்தப் பக்கத்துப் பாலை யாருக்காவது குடுத்தீங்களா?"

காலையில் கள்ளிக்குப்பத்தில், பிறந்து இருபது நாளான ஒரு குழந்தை. வலது காம்பைக் குட்டி காலி செய்திருந்தது. கெங்காவின் காலைக் கட்டிவிட்டு இடதில்தான் கறந்தார். குழந்தை சப்புக்கொட்டிக் குடித்தது.

"இல்ல."

"நெசமா?"

"அதான் இல்லன்றேனே. குடிச்சா இன்னா ஆவும்?"

"பெரியவங்களுக்கே ஆகாது. பச்சைக் குழந்தைன்னா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

ஊசி போட்டாயிற்று. அவர் கெங்காவை ஓட்டிக்கொண்டு டிரான்ஸ்பார்மர் மறைவுக்கு வந்தார். இடது காம்பை உள்ளங்கையில் பீய்ச்சினார். கெங்கா துள்ளியது. வெள்ளைவெளேரென்று பால். திரியவில்லை, நாறவில்லை. முப்பது வருஷமாகப் பார்த்த பால்தான்.

"பொய் மிஷின்" என்றார்.

நக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கை உதடுவரை போனது. வாய் திறக்கவில்லை. பாலை உதறிவிட்டுக் குழாயடியைத் தாண்டிக் கள்ளிக்குப்பம் பக்கமாக விறுவிறுவென்று நடந்தார், ஈரக் கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி.