அந்தப் பெயரை எழுதியவர்

செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் வேண்டாவுக்குக் கதை எழுத வரவில்லை. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவில் தேங்கும் சாக்கடை என்று எதைச் சொன்னாலும் பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிடுவாள். அழுதுகொண்டே வந்து உட்கார்ந்தவர்கள்கூட, அவள் வாசித்துக் காட்டியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத்ததாம்மா சொல்ல வந்தேன், எனக்குச் சொல்லத் தெர்ல" என்பார்கள். ஆனால் வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டில் புடவைகளுக்கு அடியில் அவள் ஒளித்து வைத்திருந்த நோட்டில், ஆறு வருடமாக எந்தக் கதையும் மூன்று வரியைத் தாண்டியதில்லை.

முதல் வரி வந்துவிடும். இரண்டாவது வரியும் இழுத்துப் பறித்து வந்துவிடும். மூன்றாவது வரியில் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும்: "இத்தயெல்லாம் உன்ன யாரு கேட்டா?" அவ்வளவுதான். தாளைக் கிழித்துவிடுவாள். கிழித்துக் கிழித்து, இருநூறு பக்க நோட்டு இளைத்துப்போய் அட்டை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

அந்த நோட்டை மகள் ஜெயப்பிரியா கண்டுபிடித்துவிட்டாள். படூரில் கல்லூரியில் படிக்கிறவள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் நடக்கும் ஒருநாள் பயிற்சி முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். 'உங்களுக்குள் இருக்கும் படைப்பாளியைத் திறப்போம்' என்று போனில் படம் காட்டினாள்.

"என்னக் கேக்காம இன்னாத்துக்குடி பேரக் குடுத்த?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ. அதான்."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேண்டா அந்த ரிசார்ட்டில் ஒரு பாய்மேல் உட்கார்ந்திருந்தாள். மொத்தம் பதினெட்டுப் பேர். பயிற்சியாளர் ஹரிசங்கர், இத்தனை சிறிய கூட்டத்துக்கும் காதோரம் மைக் மாட்டிக்கொண்டு, குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில் பேசினார்.

"கண்ணை மூடுங்க. உங்க மனசுல ஒரு பூட்டு தொங்குது. அது என்ன கலர்னு பாருங்க."

வேண்டா கண்ணை மூடினாள். பூட்டு எதுவும் தெரியவில்லை. கேஸை அணைத்தோமா என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பக்கத்திலிருந்தவர் நீலம் என்றார், இன்னொருவர் துருப்பிடித்த சிவப்பு என்றார். இவள் முறை வந்தபோது, "எனக்கு ஒண்ணும் தெர்ல சார்" என்றாள்.

"அதுவும் ஒரு பூட்டுதான்" என்று ஹரிசங்கர் சிரித்தார்.

அடுத்து, சின்ன வயது வேண்டாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். 'அன்புள்ள வேண்டாவுக்கு' என்று எழுதிவிட்டு அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்புள்ள வேண்டா. அம்மா அப்பாவுக்கு அவள் ஐந்தாவது பெண். இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்குச் சொல்வதற்காக வைத்த பெயர். அடுத்த வருடமே தம்பி பிறந்தான். பெயர் பலித்துவிட்டது என்று ஊரே சொன்னது. அந்தப் பெயரோடு நாற்பத்து மூன்று வருடம் ஓட்டியாகிவிட்டது. இப்போது போய் அதற்கு அன்புள்ள போடச் சொல்கிறார் இந்த மனிதர். பேனாவை மூடி வைத்தாள்.

பதினொரு மணிக்கு மணலில் வெறுங்காலோடு நடக்க விட்டார்கள். பூமியின் சக்தி உடம்பில் ஏறுமாம். ஏறியது சூடுதான். ஈர மணலைத் தேடி எல்லோரும் குதித்து ஓடியபோது, படூரில் ஐடி வேலை பார்க்கும் மீரா என்ற பெண் இவள் பக்கத்தில் நின்று உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னொரு தடவை கண்ணை மூடச் சொன்னா நான் தூங்கிடுவேன்."

"நான் எழுந்து போயே பூடுவேன்" என்றாள் வேண்டா. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற தன் வேலையைப் பற்றியும் சொன்னாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு இருவர் இருவராக உட்கார வைத்து, பேசாமல் ஒருவர் கண்ணை ஒருவர் ஐந்து நிமிடம் பார்க்கச் சொன்னார்கள். மீராதான் எதிரில். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஹரிசங்கர் வந்து பார்த்துவிட்டு, "அருமை, அப்படியே இருங்க" என்று நகர்ந்தார்.

வேண்டாவுக்குப் பொறுமை போய்விட்டது. அழுகிறவரை எதிரில் வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. மனு எழுதிவரும் இந்தப் பதினாறு வருடத்தில் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா ஆச்சு? சொல்லு."

"ஒண்ணும் இல்லக்கா. ரெண்டு வருஷமா ஒரு விஷயத்தை எழுதணும்னு பாக்கறேன். வரவே மாட்டேங்குது."

"எழுத வாணாம். வாயால சொல்லு. எங்க நடந்துச்சு?"

"எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல."

"கூட யாரு இருந்தாங்க?"

"நான் உள்ள மாட்டிக்கிட்டேன். வெளிய எங்கப்பா. நான் டைவர்ஸ் வாங்கினதுலேர்ந்து எங்கிட்ட பேசறதில்ல. லிஃப்ட் நின்னுபோய் நான் கத்தறேன். அவர் கதவுகிட்ட வந்து நின்னுக்கிட்டு நாப்பது நிமிஷம் பேசினார்."

"இன்னா பேசுனாரு?"

மீரா மூக்கை உறிஞ்சினாள். "மோர்க்குழம்பு எப்படி வைக்கறதுன்னு. அவருக்கு சமைக்கவே தெரியாது. தப்புத் தப்பா சொல்லிக்கிட்டே இருந்தார்."

"கதவு தொறந்தப்புறம்?"

"உள்ள போய் டிவி போட்டுட்டார். அப்புறமும் பேசல."

வேண்டா எழுதிக்கொண்டே போனாள். மோரில் முதலில் என்ன போடச் சொன்னார், எந்த இடத்தில் நிறுத்தினார், அவர் குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நடுநடுவே கேட்டாள். இருபது நிமிடத்தில் இரண்டு பக்கம். வாசித்துக் காட்டினாள். மீரா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு தாளை வாங்கி, "இங்க அவர் இருமினார், அதையும் போடணும்" என்று தானே ஒரு வரி சேர்த்தாள். அடுத்து இன்னொரு வரி.

திடீரென்று நிமிர்ந்தாள். "இப்ப நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"எனக்கு இன்னா கீது சொல்ல?"

"நீங்க கேட்டதையேதான் கேப்பேன். பேரு?"

"வேண்டா."

மீரா எழுதவில்லை. "யாரு வச்சாங்க?"

"எங்கப்பா. அஞ்சாவதும் பொண்ணு. அதான்."

"அப்ப கூட யாரு இருந்தாங்க?"

"எனக்கு இன்னாம்மா தெரியும், நான் அப்பத்தான் பொறந்துகீறேன்."

"சரி, அந்தப் பேரை ரிஜிஸ்டர்ல எழுதினது யாரு?"

"கிராமத்து வி.ஏ.ஓ. எழுதிருப்பாரு."

"அவர் ஒண்ணுமே கேக்கலையா? இப்படி ஒரு பேரைச் சொன்னா, ஏன்யான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாரா?"

வேண்டாவுக்குச் சுருக்கென்றது. அப்பாமேல் கோபப்பட்டிருக்கிறாள், அம்மாமேல் கோபப்பட்டிருக்கிறாள், தம்பிமேல்கூட. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அன்று அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார் என்பது இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

"உங்க கோரிக்கை என்னக்கா?" மீரா விடுவதாக இல்லை. "மனுவுல கடைசியா அதானே வரும்?"

"ஒண்ணும் இல்ல."

"கோரிக்கை இல்லாம ஒரு ஆள் வந்தா நீங்க எழுதுவீங்களா? திருப்பி அனுப்பிட மாட்டீங்க?"

"த, சும்மா இரும்மா, பேஜார் பண்ணாத" என்று வேண்டா எழுந்துவிட்டாள்.

நிறைவு நிகழ்ச்சிக்கு நிற்கவில்லை. சான்றிதழ் இருக்கிறது என்று ஹரிசங்கர் பின்னாலேயே வந்தார். "பொண்ணாண்ட அனுப்பி வைங்க சார்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். ஒரு நாள் வீண். உள்ளங்கால் வேறு எரிந்தது.

செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருக்கழுக்குன்றம் வரைக்கும் எரிச்சலோடுதான் வந்தாள். அங்கே பஸ் பத்து நிமிடம் நின்றது. தன் பெயரை ரிஜிஸ்டரில் எழுதிய அந்த ஆள் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்தாள். தொழில் ரீதியாகவே அவர்மேல் கோபம் வந்தது. எதிரில் ஒருவன் வந்து நிற்கிறான். குழந்தைக்கு இப்படி ஒரு பெயர் சொல்கிறான். தானாக இருந்தால் விட்டிருப்போமா? உட்காருய்யா, தண்ணி குடி, இன்னொருதரம் சொல்லு என்று நாலு கேள்வி கேட்டிருக்க மாட்டோமா? அவர் ஏன் கேட்கவில்லை? சோம்பேறியா? பசியா? அவருக்கும் வீட்டில் நாலு பெண்ணா?

கைப்பையில் பயிற்சித் தாள்கள் கிடந்தன. பூட்டுப் படம் போட்ட தாளைத் திருப்பிப் போட்டு, முழங்கால்மேல் பையை வைத்து எழுத ஆரம்பித்தாள். அந்த ஆளுக்குச் சிவக்கொழுந்து என்று பெயர் வைத்தாள். காலையில் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர். மசிப் பேனா ஒழுகி விரலெல்லாம் நீலம்.

மூன்றாவது வரியில் வழக்கம்போல் அது வந்தது. இத்தயெல்லாம் உன்ன யாரு கேட்டா?

"யாரும் கேக்கல. இப்ப இன்னா அதுக்கு?" என்றாள் வேண்டா. வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த பெண் திரும்பிப் பார்த்து, கூடையைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டாள். வேண்டா நாலாவது வரியை எழுதினாள். பஸ் குலுங்கி எழுத்து கோணியது. அடிக்கவில்லை, திருத்தவில்லை. செங்கல்பட்டில் இறங்கும்போது தாளின் ஓரங்களிலும் எழுதியிருந்தாள்.

முடிக்கப் பதினோரு நாள் ஆனது. சுலபமாக வரவில்லை. நடுவில் இரண்டு நாள் சிவக்கொழுந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்டிக்கொண்டே குழம்பைத் தீய விட்டாள். ஒருநாள் பட்டா மனுவுக்கு வந்தவரை, "அஞ்சு நிமிசம் இருய்யா" என்று காக்க வைத்துவிட்டு ஒரு பக்கம் எழுதினாள். கதையிலும் சிவக்கொழுந்து அந்தக் குழந்தையின் பெயரை மாற்றவில்லை. எழுதிவிட்டார். ஆனால் எழுதுவதற்கு முன், எதிரில் நின்ற அப்பனை உட்கார வைத்து, குழந்தை யார் ஜாடை என்று கேட்டார். அந்த மனிதன் பதில் தெரியாமல் விழித்தான், குழந்தையை அவன் இன்னும் சரியாகப் பார்க்கவே இல்லை. இந்த இடத்தை எழுதியபோது வேண்டா அழவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஜெயப்பிரியா கதையைப் படம் எடுத்து, முகாமின் வாட்ஸ்அப் குழுவில் மீராவின் நம்பரைத் தேடிப் பிடித்து அனுப்பினாள். மறுநாள் காலை, கலெக்டர் ஆபீஸ் வாசலில் வேண்டா தன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மீரா போன் செய்தாள்.

"அக்கா, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு. அந்த சிவக்கொழுந்து ரொம்ப நல்லவரா போயிட்டார். பேரை எழுத மாட்டேன்னு ஏன் சொல்லல? இல்லன்னா கெட்டவராவே வச்சிருக்கலாம்."

"அதெப்படிம்மா சொல்லுவாரு? அவரு வேலைக்கு சேந்தே ஆறு மாசம்தான் ஆவுது."

"அது கதையில இல்லயே."

"இல்லாங்காட்டி இன்னா, எனக்குத் தெரியும். மேலதிகாரின்னா வேற அவருக்கு பயம். வூட்ல பொண்டாட்டி ஒரு பக்கம் புடுங்கிகினு கீறா."

"மனைவியும் கதையில ஒரு வரிதானே வர்றாங்க."

"அவ இருக்காளே, அவளப் பத்தி உனக்குத் தெரியாது" என்று வேண்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் மனுவோடு எதிரில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, போனை மறு காதுக்கு மாற்றினாள். "சொல்றேன் கேளு. அவளுக்கு அன்னிக்கி இன்னா கோவம்னா..."