வெள்ளைத் திரையில் பதினேழு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை எழுதக் கூடாது என்று என்னைத் தடுத்துவிட்டார்கள்; அதனால்தான் எழுதுகிறேன்.

என் தங்கை மகள் மைக்ரோ எல்.இ.டி. திரைகளை ஆராயும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வேலையில் நடந்ததையெல்லாம் கொட்டினாள். கடைசியில், "மாமா, இத மட்டும் எழுதிடாதீங்க" என்றாள். என்னிடம் போய் இப்படிச் சொல்வது பூனையிடம் பாலைக் கொடுத்து (வேண்டாம், இந்த உவமை என்னைவிடக் கிழடு).

இரண்டு நாள் பேரம் பேசினோம். எழுதலாம், ஆனால் எண்களில் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு பகுதியையும் அவள் பென்சிலோடு படிப்பாள். ஐம்பது வருடமாகக் கதை எழுதி, எண்களில் மட்டுமே கை வைத்துப் பிழைத்தவன் நான். சம்மதித்தேன்.

2

முதல் ஆரம்பம் இப்படி இருந்தது:

"அந்தத் திரை அவ்வளவு சிக்கனம். மூன்றாம் நாள் மீட்டர் பின்னோக்கி ஓடியது. நான்காம் நாள் மின்வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்து, 'எங்களுக்கே மின்சாரம் அனுப்புறீங்களாமே, அனுமதி வாங்கினீங்களா?' என்று"

இதற்கு மேல் பென்சில் கோடு.

"மாமா, இது என்ன?"

"ஆரம்பம்."

"என் வேல போறதுக்கா?"

பிறகு அவளே விளக்கினாள். அந்தத் திரையில் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனி விளக்கு. பொடி உப்பைவிடச் சின்னது. ஒரு தகட்டைச் செதுக்கி லட்சக்கணக்கில் வெட்டி எடுப்பார்கள். வெட்டிய ஓரங்களில் காயம் படும். அந்தக் காயத்துக்குள் போகும் மின்சாரம் வெளிச்சமாகாமல் வெறும் சூடாகிவிடும்.

"ஒரு ரொட்டிய நாலா வெட்டினா கொஞ்சம்தான் உதிரும். நாப்பதா வெட்டினா தட்டு முழுக்கத் தூள். விளக்கு சின்னதாக ஆக ஓரம்தான் ஜாஸ்தி. தூளத்தான் நாங்க எரிச்சிட்டு இருக்கோம்."

அவள் கண்டுபிடித்த வழி, வெட்டியபின் துணுக்குகளை ஒரு காரக் கரைசலில் இருபத்திரண்டு நிமிடம் கழுவுவது. காயம்பட்ட ஓரம் கரைந்துபோகும். அதன்மேல் மெல்லிய தோல்போல ஒரு பூச்சு. கூடத்தின் மூலையில் அவளுக்கென்று ஒரு தொட்டி, உதவிக்கு இரண்டு பேர். அங்கே எல்லோரும் அவளைத் 'தொட்டியம்மா' என்பார்கள்.*

(* அந்தத் துணுக்கு ஒன்று என் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டதால் ஒரு வாரம் விளக்கில்லாமல் செய்தித்தாள் படித்தேன். அடிக்குறிப்பு ஒப்பந்தத்தில் சேராது.)

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். அவளுடைய மேலாளரை எடுத்துக்கொண்டேன். எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பதால் கூடத்தில் அவர் பெயரே ஆகட்டும். அவருக்கு இடுங்கிய கண், ஈரமான கைகுலுக்கல், சுவர் ஓரமாகவே நடக்கும் வழக்கம் எல்லாம் கொடுத்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மொத்தத்தையும் அடித்துவிட்டாள்.

"அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஆறு நாள் அவர்தான் கையுறை மாட்டிட்டு என் தொட்டியப் பாத்துக்கிட்டாரு. ஒரு தட்டுகூட வீணாகல. அவர எப்படி மாமா இப்படி எழுதலாம்?"

ஆக, வில்லன் இல்லை. கதை ஒரு கால் நொண்டுகிறது. நொண்டட்டும்.

4

இனி எண்கள். கையைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

மேலிடம் கேட்டது நாற்பது சதவீத மின்சாரக் குறைப்பு. புதன்கிழமை கமிட்டி. நாற்பதைத் தாண்டினால் தொட்டி இருக்கும். தாண்டாவிட்டால் அந்த மூலையில் வேறு யாராவது மேசை போட்டுக்கொள்வார்கள்.

ஆகட்டும் தயாரித்த அறிக்கையில் எழுபது சதவீதம் என்று இருந்தது.

அது பொய்யல்ல. அதுதான் சங்கடம். இந்த வகைத் திரையில் கறுப்பு என்றால் விளக்கு அணைந்திருக்கிறது என்று பொருள், மின்சாரமே வேண்டாம். கூடத்தில் விருந்தாளிகள் வந்தால் போட ஒரு படம் வைத்திருக்கிறார்கள்: கும்மிருட்டுக் கறுப்பில் ஒரே ஒரு மஞ்சள் மீன். புதுத் திரையில் அந்த மீன் ஓடிக்கொண்டிருந்தபோது யாரோ மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள்: முப்பது. பழைய திரையைப் போன வருடம் இவள் அளந்தாள், முழு வெள்ளையைப் போட்டு: நூறு. நூறில் முப்பது போனால் எழுபது. கணக்கு சரி. பழைய திரையில் மீனை விட்டிருந்தால் அதுவும் முப்பத்தாறுதான் குடித்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அறிக்கையில் 'காட்டிய படம்' என்றொரு கட்டம் உண்டு. அதை நிரப்பும் வழக்கம் அங்கே கிடையாது.

புதுத் திரையிலும் முழு வெள்ளையைப் போட்டால் எண்பத்துமூன்று. சேமிப்பு பதினேழு சதவீதம்தான்.

அறிக்கையில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். கட்டத்தை நிரப்பி, எழுபதை அடித்து, பதினேழு என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். எழுபதோடு மறுபடி வந்தது. மறுபடி அடித்தாள். மூன்றாம் முறை ஆகட்டும் நேரில் வந்தார்.

"ரெண்டும் மீட்டர் காட்டினதுதானேம்மா."

"ஆமா சார். ஆனா ஒண்ணு மீனோடது."

"தொட்டி போயிடும்மா. நான் கெடுதலுக்கா சொல்றேன்?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

"கையெழுத்து என்னோடது சார்."

5

இந்த இடத்தில் ஓர் எழுத்தாளன் தன் பாத்திரத்தின் பக்கம் நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம், "போட்டுத் தொலையேன்" என்றேன்.

"என்ன மாமா சொல்றீங்க?"

"எழுபதுன்னே போடு. தொட்டி தப்பிக்கும். அப்புறம் மெதுவா நெசமாவே எழுபதக் கொண்டுவா. என்னப் பாரு, இத்தன புஸ்தகத்துல ஒரு நெசம் உண்டா? நல்லாத்தானே இருக்கேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டாள், அதை எப்போது கழற்றினாள் என்று கவனிக்கவில்லை.

"நீங்க விடுறது ரீலுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியும் மாமா. தெரிஞ்சுதான் காசு குடுத்து வாங்குறாங்க. என் பேப்பரப் படிக்கிறவனுக்குத் தெரியாது. அவன் எழுபதுன்னு நம்பி அடுத்த திரையச் செய்வான். சூடாகி ஏன் கருகுதுன்னு தெரியாம மண்டையப் பிச்சுப்பான்."

"அதுக்காக உன் தொட்டி போகணுமா?"

"போனாப் போகட்டும். நான் கழுவினது பதினேழு. அதுல ஒண்ணு கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

இதைக் கேட்டு என் கண் கலங்கியதாக எழுதினேன். "கலங்கல. டீ கேட்டீங்க" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.

6

கையிலிருக்கும் முடிவுகள்:

அவள் எழுபதுக்குக் கையெழுத்துப் போடுகிறாள், தொட்டி பிழைக்கிறது, அன்றிலிருந்து அவளுக்கு வேலையில் (எழுத வரவில்லை. பேனா நகர மறுத்தது என்று சொல்லலாம், ஆனால் நான் தட்டச்சு செய்பவன்).

கமிட்டியின் கண்முன்னே மீன் திரையிலிருந்து குதித்து வெளியே வருகிறது. நானே அடித்துவிட்டேன். எழுபது வயதில் எனக்கும் கொஞ்சம் வெட்கம் வந்திருக்கிறது.

பத்திரிகை ஆசிரியர் மூன்றாவதைக் கேட்கிறார்: உண்மையைச் சொல்கிறாள், எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். "வாசகருக்கு ஒரு தெம்பு வேணும் சார்." தெம்பு வேண்டுமென்றால் மருந்துக்கடை இருக்கிறது என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டார். இந்தக் கதை வேறு எங்கோதான் வரப்போகிறது.

7

நடந்ததை எழுதுகிறேன். புதன் காலை பத்து மணி. நீள மேசை, கமிட்டியில் பதினோரு பேர். சுவரில் புதுத் திரை, அதில் மீன். பக்கத்து மீட்டரில் முப்பது. அவள் கையெழுத்து இல்லாத அறிக்கையை வைத்து, எழுபது என்று ஆகட்டும் பேசி முடித்தார். திரையை இயக்கும் வேலை அவளுக்கு. பொத்தானை அழுத்தினாள்.

சுவர் முழுக்க வெள்ளை. மீட்டர் எண்பத்துமூன்றில் போய் நின்றது.

"பழைய திரைக்கும் இதே வெள்ளதான் போட்டு அளந்தோம்" என்றாள். "அது நூறு."

தலைமையில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப எழுபது?"

"அது மீனுக்கும்மா."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நாங்க நாப்பது கேட்டிருந்தோம்."

"ஆமாம்மா. பதினேழு வந்திருக்கு. நீல விளக்கும் பச்ச விளக்கும் கழுவியாச்சு. செவப்புதான் அதிகமா வீணாக்குது, அது இன்னும் பிடிபடல. தொட்டி இருந்தாப் பாக்கலாம்."

"நாப்பது வருமா?"

"தெரியாதும்மா."

தொட்டி இருக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் தலைவர் அம்மாள். ஐந்து கைகள் மேலே போயின. ஐந்து பேர் கை மேசைமேலேயே இருந்தது.

பதினோராவது ஆள் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். தொட்டி பிழைத்தது என்றால், அதற்காகத்தான் உண்மையைச் சொன்னாள் என்று நினைப்பீர்கள். போய்விட்டது என்றால் உச்சுக்கொட்டுவீர்கள். பொத்தானை அழுத்தியபோது அவளுக்கு இரண்டும் தெரியாது. உங்களுக்கு மட்டும் எதற்கு?

அந்த ஆளை எழுப்பிவிட்டு, அவர் நாற்காலியில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். எல்லோரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். திரை இன்னும் வெள்ளையாகவே எரிகிறது. உங்கள் கை எங்கே இருக்கிறது என்பது அறையில் எல்லோருக்கும் தெரிகிறது.