வெளிப்பக்கக் கொண்டி

மதுரைக்கும் போர்க்கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் கேட்காதீர்கள். காசு கொழுத்த ஓட்டல் முதலாளி ஒருவர் பழைய ரோந்துக் கப்பலை ஏலத்தில் எடுத்து, மூன்று துண்டாக வெட்டி, டிரெய்லரில் கப்பலூருக்கு ஏற்றிவந்தார். ஒட்டிச் சேர்த்து ரிங் ரோட்டில் மியூசியமாக நிறுத்துவார்களாம். நான் வெல்டர். என் அண்ணன் அழகுமலை செத்த கப்பல் அது என்று தெரிந்ததும் வலியப் போய் அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்ஜின் அறையில் தீ. விசாரணையில் எழுதிவைத்தார்கள்: குடித்துவிட்டுத் தூங்கினான், தப்பி மேலே ஏறுவதற்கான இரும்பு மூடி திறக்கும் நிலையில்தான் இருந்தது, அவன் முயலவே இல்லை. அன்று அதே கப்பலில் இருந்து, அதில் கையெழுத்துப் போட்ட அதிகாரி கிரீஷ்தான் இப்போது மியூசியத்துக்கு ஆலோசகர். அதே வாசகம் பளபளவென்று போர்டாக அச்சாகி வந்திருந்தது.

மறுநாள் அந்த மூடியில் பெயிண்டைச் சுரண்டினேன். வெளிப்பக்கம் ஒரு கொண்டி. மாட்டிவிட்டால் உள்ளேயிருந்து யாராலும் திறக்க முடியாது.

"இதை கிரைண்டர் போட்டு எடுத்துடு," என்றார் கிரீஷ். "சாமான் திருட்டுப் போகுதுன்னு யாரோ வச்சது. பார்க்க அசிங்கமா இருக்கு."

"எங்க அண்ணனுக்கு இத்தன வருசமா குடிகாரப் பட்டம் சார். எம்புட்டுப் பேச்சு கேட்டுட்டோம். இத எடுத்துட்டா அது நிலைச்சுப் போயிரும்."

"நீ வெல்டர். வெல்டிங்கை மட்டும் பாரு."

"சரி சார். உள்ள ஒட்டு கோணலா இருக்கு, வந்து பாத்துருங்க."

மற்ற வழிகளை வெல்டிங்கில் அடைத்திருந்தோம்; இன்ஜின் அறைக்கு அந்த மூடி ஒன்றுதான் வழி. அவர் ஏணியில் இறங்கியதும் மூடியைச் சாத்திக் கொண்டியை மாட்டினேன்.

"திறக்குற நிலைமையிலதான இருக்கு? திறந்து வாங்க சார்!"

முதலில் கெட்ட வார்த்தை வந்தது. பிறகு போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். பிறகு உள்ளங்கையால் தட்டினார், அப்புறம் முஷ்டியால் குத்தினார். கூட வேலை செய்யும் முத்துப்பாண்டி ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தான்.

"திறடா மாப்ள, செத்துகித்துத் தொலையப்போறாரு!"

நான் அசையவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தட்டுவது நின்றபோதுதான் பயம் வந்து திறந்தேன். வியர்வையில் தொப்பலாக நனைந்து ஏணியிலேயே உட்கார்ந்திருந்தார். ஏறி வந்து அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க அண்ணன் இதைவிட ரொம்ப நேரம் தட்டினான்," என்றார்.