கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன்

சனிக்கிழமை மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். மண்டபத்தின் பின்கதவு வழியாக ஐந்தடுக்கு கேக் ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

அதில் ஆபத்து ஒன்றுமில்லை. மேடையில் ஏற்கெனவே ஓர் ஐந்தடுக்கு கேக் நின்றுகொண்டிருந்ததுதான் ஆபத்து.

மைக் என் கையில் இருந்தது. பதினெட்டு வருடமாக சிகாகோவில் எங்கள் லத்தீன் மக்கள் வாழும் இருபத்தாறாம் தெருவைச் சுற்றியுள்ள மண்டபங்களில் விழா நடத்திக் கொடுப்பவன் நான். மின்சாரம் போயிருக்கிறது. வாத்தியக்காரர்கள் வராமல் கழுத்தறுத்திருக்கிறார்கள். ஒரு தடவை விழா நாயகியே காதலனோடு காரேறிப் போய்விட்டாள். எல்லாவற்றையும் வாயாலேயே சமாளித்திருக்கிறேன். ஆனால் இரண்டு கேக்?

"ஃபிதென்சியோ!" நெரெய்தா என் காதருகே சீறினாள். உதட்டில் மட்டும் சிரிப்பு. எதிரே அவளுடைய போன் முக்காலியில் நின்று மேடையை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. "எவுசேபியோகிட்ட சொல்லிட்டேன்னியே!"

"எப்ப சொன்னேன்? பாத்துக்கலாம்னுதான் சொன்னேன்."

"பாத்துக்கலாம்னா சொல்லிட்டேன்னுதானே அர்த்தம்?"

"நம்ம ஆளுங்க வாயில அதுக்கு என்னிக்கு அந்த அர்த்தம் இருந்திருக்கு, நெரெய்தா?"

அவள் பல்லைக் கடித்தபடி கேமராவுக்குக் கையசைத்தாள்.

நெரெய்தா வேறொருத்தியின் முடிதிருத்தும் கடையில் பன்னிரண்டு வருடமாக நாற்காலிக்கு வாடகை கொடுத்து வேலை செய்பவள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், கடையில் வாங்கிய அவகாடோ ஒன்றை நறுக்கினாள். உள்ளே கருப்பு. அந்தப் பழத்தைப் பிடித்து நான்கு நிமிடம் திட்டினாள். பக்கத்து நாற்காலிக்காரி அதைப் படமெடுத்து ஏற்றிவிட்டாள். அன்றிலிருந்து நெரெய்தா வாரம் மூன்று பொருளைத் திட்டுகிறாள். பெற்ற தாய் பேசினால் எழுந்து போகிறவனெல்லாம் நெரெய்தா ஒரு பிளெண்டரைத் திட்டுவதை உட்கார்ந்து பார்க்கிறான். ஒன்பது லட்சம் பேர்.

அந்த ஒன்பது லட்சத்தைத் தேடித்தான் 'எல் கிரனேரோ' வந்தது. அறுபத்திரண்டு கிளைகள் கொண்ட பலசரக்குக் கடை நிறுவனம். ஒரு வருட ஒப்பந்தம். அது கையில் வந்தால் தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் செருப்புக் கடையை எடுத்து, தன் பெயரில் ஒரு சலூன் போட்டுவிடலாம். கட்டடச் சொந்தக்காரர் மாதக் கடைசி வரை பொறுக்கிறேன் என்றிருந்தார்.

நிபந்தனைகள் மூன்று. மகள் இட்சயானாவின் பதினைந்து வயது விழாவை நேரலையில் காட்ட வேண்டும். நிறுவனம் தரும் கேக்தான் நடுவில் நிற்க வேண்டும், வேறு கடையின் கேக் ஒரு துணுக்குகூடத் திரையில் தெரியக்கூடாது. கடைசியாக, நிறுவனத்தின் பொருளை அவள் திட்டவே கூடாது.

மூன்றாவதுதான் கஷ்டம் என்று நினைத்தோம். இரண்டாவது எங்களைக் கவிழ்த்தது.

எங்கள் விழாக்களில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஞானத்தகப்பன் உண்டு. கிரீடத்துக்கு ஒருவர், காலணிக்கு ஒருவர், இசைக்கு ஒருவர். அவரவர் பொருளை அவரவர் கொண்டுவந்து கொடுத்து, பெண்ணின் அப்பாவைக் கட்டிப்பிடிப்பார். அந்த நொடியிலிருந்து இருவரும் கொம்பாத்ரே. ரத்தம் இல்லாத உறவு, ஆனால் ரத்துச் செய்ய முடியாத உறவு. இட்சயானாவின் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவர் ரொட்டிக்கடை எவுசேபியோ. பதினைந்து வயது விழாவின் கேக்கும் அவருடையதுதான் என்று இரண்டு வருடத்துக்கு முன்பே பேச்சு.

கொம்பாத்ரேவிடம் போய் 'உன் கேக் வேண்டாம்' என்று யார் சொல்வது? ஒன்பது லட்சம் பேர் முன்னால் திட்டுகிறவளுக்கு அவர் ஒருவர் முன்னால் வாய் வரவில்லை. என்னை அனுப்பினாள். மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அடுப்பிலிருந்து எடுத்த சர்க்கரை ரொட்டியும் காப்பியும் கொடுத்தார். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இப்போது அந்த எவுசேபியோ, கோட்டு சூட்டோடு, தள்ளுவண்டியில் கேக்கை உருட்டிக்கொண்டு வந்தார். மேடையைப் பார்த்தார். வண்டி நின்றது.

"யாரோட கேக்கு அது?"

முந்நூறு விருந்தாளிகளும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள்.

"அது என்ன?" என்று அதே நேரத்தில் இன்னொரு குரல் ஆங்கிலத்தில் கேட்டது. பிராண்டன் கின்யோனெஸ். எல் கிரனேரோவின் லத்தீன் மக்கள் பிரிவுக்கு இயக்குநர். பெயர் எங்களுடையது, முகமும் எங்களுடையது. மொழி மட்டும் தாத்தா காலத்திலேயே கைவிட்டுப் போய்விட்டது. கையில் பலகை மாதிரி ஒரு கணினி, அதில் 'அசல்தன்மை' என்று தலைப்பிட்ட பட்டியல். காகிதத் தோரணம், சரி. மரியாச்சி வாத்தியம், சரி. சற்றுமுன்தான் என்னிடம் வந்து, "பொண்ணோட அப்பா எத்தனை மணிக்கு அழுவாரு? ஏழு பத்துக்கு வச்சுக்கலாமா?" என்று கேட்டிருந்தார்.

"அது... சும்மா ஒரு கேக்கு சார்," என்றேன்.

"கேமராவுக்குள்ள வந்துச்சுன்னா ஒப்பந்தம் அதோட முடிஞ்சுது. சொல்லிட்டேன்."

எவுசேபியோ மறுபடி வண்டியைத் தள்ளினார். மேடைக்கு இருபதடி. பதினைந்தடி. நேரலையில் நாற்பத்தோராயிரம் பேர்.

எனக்குத் தெரிந்தது ஒரே வழி. ஏதாவது பேசுவது. மைக்கைத் தூக்கினேன்.

"அன்பர்களே! இப்போ நம்ம ஞானத்தகப்பன்மார்கள மேடைக்குக் கூப்பிடப்போறோம்!"

கைதட்டல். எவுசேபியோ மரியாதைக்காக நின்றார். கிரீடம் வந்தது, காலணி வந்தது, இசை வந்தது. கையிலிருந்த ஞானத்தகப்பன்மார் பட்டியலின் கடைசி வரியில் என் கண் போய் நின்றது. 'கேக்: எல் கிரனேரோ நிறுவனம்.'

பதினெட்டு வருடத்தில் நான் ஒரு நிறுவனத்தை மேடைக்குக் கூப்பிட்டதில்லை. மேடைக்கு வருகிறவர் கட்டிப்பிடிக்க வேண்டுமே, நிறுவனத்துக்குக் கை ஏது? என் நாக்கு பழக்க தோஷத்தில், கையுள்ள ஓர் ஆளைத் தானே தேடிக்கொண்டது.

"கேக்கின் ஞானத்தகப்பன்... பிராண்டன் கின்யோனெஸ்!"

அவர் திடுக்கிட்டார். இரண்டு அத்தைமார்கள் அவரை மேடைக்குத் தள்ளினார்கள். நெரெய்தாவின் கணவன் ரமீரோ, கூரை வேலை செய்யும் ஆறடி மனிதன், ஏழு பத்து வரை காத்திருக்காமல் ஏழு மணிக்கே அழுதபடி அவரை அப்படியே கட்டிக்கொண்டான்.

"கொம்பாத்ரே!"

கின்யோனெஸ் ரமீரோவின் தோளுக்கு மேலாகத் தன் பட்டியலைப் பார்த்தார். அதில் இது இல்லை.

"ரமீரோ," எவுசேபியோவின் குரல் மைக் இல்லாமலே மண்டபத்தை நிறைத்தது. "இந்த ஆளு உனக்குக் கொம்பாத்ரேவா?"

"இப்போதான் ஆனாரு," என்றான் ரமீரோ, மூக்கை உறிஞ்சியபடி.

"அப்ப எனக்கும்தான். சந்தோஷம். வாங்க கொம்பாத்ரே, உங்க கேக்க ஒரு கடி கடிச்சுக் காட்டுங்க. நானும் ருசி தெரிஞ்சுக்கறேன்."

கூட்டத்துக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

"ஒரு கடி! ஒரு கடி! ஒரு கடி!"

எங்கள் வழக்கப்படி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேக்கைக் கடிக்க வேண்டும். கடிக்கும்போது பின்னாலிருந்து யாராவது முகத்தை அமுக்குவார்கள். முறைப்படி அது இட்சயானாவின் முகமாக இருக்க வேண்டும்.

"என் மூஞ்சிய யாராச்சும் தொட்டீங்க, அவ்ளோதான்!" என்றாள் அவள். "மேக்கப்புக்கு மட்டும் நாலு மணி நேரம் ஆச்சு. அதான் புதுசா ஒருத்தர் வந்திருக்காரில்ல?"

கின்யோனெஸ் கேமராவைப் பார்த்தார். தைரியமாகச் சிரித்தார். தனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் முழுவதையும் ஒரே மூச்சில் செலவழித்தார்.

"நான்... மிகவும்... குடும்பம் இருக்கிறான்!"

குனிந்தார். இட்சயானா இரண்டு கையாலும் அமுக்கினாள்.

டொக்.

கேக்கிலிருந்து வரக்கூடாத சத்தம். கின்யோனெஸ் நிமிர்ந்தார். மூக்கில் வெள்ளைக் கிரீம், கிரீமில் சிவப்பாக ஒரு கோடு. கேக்கின் மூன்றாம் அடுக்கில் பூச்சு பெயர்ந்து, உள்ளே பால்வெள்ளையாக, மணி மணியாக...

தெர்மகோல்.

"கேமராவுல நல்லாத் தெரியும்னு..." என்று அவர் முனகினார். "மேல் அடுக்கு மட்டும் நிஜம்."

நான் நெரெய்தாவைப் பார்த்தேன். சிரித்து மழுப்பினால் போதும். நான் பாட்டைப் போடச் சொல்லிவிடுவேன். செருப்புக் கடை அவளுக்கு. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

பிறகு போனை முக்காலியிலிருந்து பிடுங்கினாள்.

"இங்க பாருங்க மக்களே! என்னது இது? டிவிப் பெட்டிக்குள்ள வருமே, அது! பதினஞ்சு வருஷம் பெத்து வளத்த பொண்ணுக்குப் பார்சல் அட்டையில கிரீம் பூசி வச்சிருக்கானுங்க! அறுபத்திரண்டு கடை வச்சிருக்கியே, நாலு முட்டை இல்லையா உன்கிட்ட? இத வெட்டினா துண்டா விழும்? பனிதான் கொட்டும்! ஏய், அந்த மூக்க யாராச்சும் பாருங்கப்பா! நிமிராதீங்க கொம்பாத்ரே, முன்னால குனிங்க! ஐஸ் எங்க? என் கொம்பாத்ரேவுக்கு ரத்தம் வருது, எல்லாரும் வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!"

அதே மூச்சில் ஐந்து நிமிடம். அவகாடோவை விட ஒரு நிமிடம் கூடுதல்.

பிறகு எவுசேபியோவின் கேக்கை வெட்டினோம். கின்யோனெஸ் மூக்கில் பஞ்சோடு மூன்று துண்டு சாப்பிட்டார்.

ஞாயிறு இரவுக்குள் அந்தக் காட்சியை ஒரு கோடிப் பேர் பார்த்துவிட்டார்கள். திங்கள் காலை ஒப்பந்தம் ரத்து என்று கடிதம் வந்தது. நெரெய்தா அதைப் படித்துவிட்டு, யாரையும் எதையும் திட்டாமல், வாடகை நாற்காலிக்கு வேலைக்குப் போனாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை எல் கிரனேரோ புது விளம்பரம் போட்டது. மூக்கில் பிளாஸ்திரியோடு கின்யோனெஸ். "நான் உங்கள் எல்லோருக்கும் ஞானத்தகப்பன்," என்றார், மனப்பாடம் செய்த ஸ்பானிஷில். எல்லாம் தாங்கள் திட்டமிட்ட வேடிக்கைதான் என்று கீழே ஒரு வரி. நெரெய்தாவின் பெயர் எங்கேயும் இல்லை.

முதல் கருத்து ஹூஸ்டனில் ஒரு வெல்டரிடமிருந்து வந்தது. "எங்கடா எங்க கொமாத்ரே?" கொம்பாத்ரேவுக்குப் பெண்பால் அது.

சாயங்காலத்துக்குள் அறுபதாயிரம் பேர் அதையே எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெண் எல் கிரனேரோ கிளைக்குள் போய், கண்ணாடிப் பெட்டியில் இருந்த கேக்கை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துப் படமெடுத்துப் போட்டாள். அது நிஜ கேக். விரல் உள்ளே போய்விட்டது. சனிக்கிழமை அறுபத்திரண்டு கிளைகளிலும் ஜனங்கள் தட்டினார்கள். கேக்கைத் தட்டினார்கள், ரொட்டியைத் தட்டினார்கள், உறைந்த கோழியைத் தட்டினார்கள். அசல்தன்மையைச் சோதிக்கிறார்களாம். அன்று அந்த நிறுவனத்தில் ஓட்டை விழாத கேக் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அடுத்த வாரம் கின்யோனெஸ் நெரெய்தாவின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் புது ஒப்பந்தம், பழையதைப் போல இரண்டு மடங்கு. நெரெய்தா அதை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சூடான பொஸோலே சூப்பை வைத்தாள்.

"மொதல்ல சாப்பிடுங்க கொம்பாத்ரே. மூக்கு எப்படி?"

"பரவால்ல. கையெழுத்து..."

"ஒப்பந்தமெல்லாம் வெளியாளுங்களுக்கு. என் வாய இனிமே வாடகைக்கு விடறதா இல்ல. ஒரே ஒரு நாள் உங்க கடைக்கு வந்து, தட்டாதீங்கன்னு ஜனங்கள ஒரு திட்டு திட்டறேன். அது கொம்பாத்ரேவுக்காக, சும்மா. இத மட்டும் கொஞ்சம் பாருங்க."

நான் எழுதிக்கொடுத்த பட்டியல். செருப்புக் கடைக்கு முன்பணம். கண்ணாடிகள். நான்கு நாற்காலிகள். தலை அலசும் தொட்டி. பெயர்ப்பலகை. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஞானத்தகப்பன்' என்று போட்டு, ஒரே பெயர்.

கின்யோனெஸ் வெகுநேரம் பார்த்தார். "எங்க ஒப்பந்தத்துல விலகறதுக்கு ஒரு பிரிவு இருக்கும். இதுல?"

ரமீரோ யோசித்தான். "அப்படி ஒண்ணும் இல்லையே கொம்பாத்ரே."

"எத்தனை வருஷத்துக்கு?"

"சாகற வரைக்கும்," என்றான் ரமீரோ ஆறுதலாக. "அப்புறம் உங்க பிள்ளைங்க பாத்துக்கும்."

அவர் சூப்பைக் குடித்து முடித்தார். பட்டியலை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். நிறுவனத்தில் என்ன சொல்லிப் பணம் வாங்கினாரோ, தெரியாது.

மாதத்தின் கடைசி சனிக்கிழமை, செருப்புக் கடையாக இருந்த இடத்தில் 'நெரெய்தா' என்று பலகை மாட்டினோம். நான்தான் மைக். நேரலையில் இரண்டு லட்சம் பேர். கின்யோனெஸ் ஐந்து தடவை முன்னால் வந்தார், ரமீரோவை ஐந்து தடவை கட்டிப்பிடித்தார். ஐந்தாவது தடவை அவருக்கே கண் கலங்கியிருந்தது. கையில் பட்டியல் எதுவும் இல்லை.

கடைசியாக எவுசேபியோவின் கேக் உருண்டு வந்தது.

"ஒரு கடி! ஒரு கடி!"

கின்யோனெஸ் முன்னால் வந்தார். கையைப் பின்னால் கட்டப்போனவர், ஒரு கணம் தயங்கினார். பிறகு விரலை மடக்கி, கீழ் அடுக்கிலிருந்து மேல் அடுக்கு வரை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டிப் பார்த்தார்.

எவுசேபியோவின் முகம் சிவந்தது. "என் கேக்கையாடா தட்டிப் பாக்கற?"

நெரெய்தா முக்காலியிலிருந்து போனைக் கையில் எடுத்தாள்.