வகுப்பும் வேண்டும், மணலும் வேண்டும்

1
இந்தக் கதை ஒரு புலம்பலில் பிறந்தது. என் மச்சினி முனைவர் பட்டத்துக்கு மணலை ஆராய்கிறாள். அதே துறையில் முதலாமாண்டுக்காரர்களுக்குப் பாடமும் எடுக்கிறாள். "வகுப்புக்குப் போனா ஆராய்ச்சி நிக்குது அத்தான். ஆராய்ச்சியில உக்காந்தா விடைத்தாள் குவியுது" என்றாள்.

சோகக்கதையாக எழுத உட்கார்ந்தேன்.

அவளுடைய கண்களின் கீழே கருவளையங்கள்...

(அடித்துவிட்டேன். புலம்பிவிட்டு நன்றாகத் தூங்குகிறவள் அவள்.)

2
நடந்ததையே சொல்கிறேன். அவளுடைய ஆராய்ச்சியை மதிப்பிடும் குழு கூடிய அன்றும் காலையில் அவளுக்கு வகுப்பு. முடித்துக் கிளம்பும்போது, வகுப்பில் வாயே திறக்காத மாணவி ஒருத்தி வழிமறித்தாள்.

"அக்கா... ஐயோ, மேடம். ஆத்து மணலையும் பாலைவன மணலையும் எப்படிப் பிரிச்சுச் சொல்றீங்க?"

'நாளைக்கு' என்று சொல்ல நினைத்தவள் கரும்பலகைக்குத் திரும்பினாள்.

"தண்ணிக்குள்ள மணல் மெத்தையில உருளுற மாதிரி. அடி படாது. காத்துல ஒண்ணோட ஒண்ணு மோதி முனை தேஞ்சிடும்."

3
குழுவின் முன் மூச்சிரைக்க நின்று முடிவுகளை வரிசையாக வாசித்தாள். வெளியிலிருந்து வந்த பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"இதெல்லாம் அறிக்கையிலேயே இருக்கேம்மா. நீ என்ன கண்டுபிடிச்சே? புரியற மாதிரி சொல்லு."

(இங்கே அவளை அழவைத்திருந்தேன். படித்துப் பார்த்தவள், "நான் எங்க அழுதேன்?" என்று சண்டைக்கு வந்தாள்.) தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மெத்தையிலிருந்து ஆரம்பித்தாள். பேராசிரியை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

4
அவளுடைய ஆய்வு நெறியாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பிரமாதம்மா. அடுத்த பருவத்துல உனக்கு வகுப்பே கிடையாது. உதவித்தொகை அப்படியே வரும். ஆராய்ச்சியை மட்டும் பாரு."

அவள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த வரம் அது.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள். அவர் விழித்தார். தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவளும் விழித்தாள்.

5
இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வகுப்பை விடுகிறாள். ஆய்வேடு சீக்கிரம் முடிகிறது. மற்றதில் விடமாட்டேன் என்கிறாள். ஆய்வேடு இழுத்துக்கொண்டே போகிறது, என் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். இரண்டையும் அவளிடம் காட்டினேன்.

"ரெண்டுலயும் நான் சந்தோஷமாத்தானே இருக்கேன்? அப்புறம் என்ன அவசரம்?"

நெறியாளர் வெள்ளிக்கிழமைவரை பொறுப்பாராம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நீங்களாவது அவளுக்கு ஏதாவது சொல்லுங்கள். நான் சொன்னால், அக்கா புருஷன் அதிகாரம் பண்ணுகிறான் என்பாள்.