நூறாவது வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு மின்னஞ்சலிலிருந்து பிறந்தது. அதை நான் பாதிதான் படித்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் அசிங்கம்.

புதன்கிழமை தோறும் பத்தி எழுதுகிறேன். தொழில்நுட்ப உலகின் கூத்துகளைப் பார்த்து அதிர்ச்சியடைவதுதான் வேலை. பல் துலக்கும் பிரஷுக்கு மாதச் சந்தா என்றால் அதிர்ச்சி. ஃபிரிட்ஜ் கடவுச்சொல் கேட்கிறது என்றால் அதிர்ச்சி. ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ‘எங்கள் குடும்பம் இன்னும் கச்சிதமாகியிருக்கிறது’ என்று ஒரு நிறுவனம் அறிவித்தபோது, இரண்டு வாரம் தொடர்ந்து அதிர்ந்தேன். எட்டு வருடம் இப்படி அதிர்ந்து தள்ளியதில், நிஜ அதிர்ச்சி எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

2

தொடக்கங்கள்:

‘அந்தப் பத்தி எழுத்தாளன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன், அவ்வளவு—’ [அடித்துவிட்டேன். அவன் நான்தான். ‘அவன்’ ஆக்கித் தப்பிக்கப் பார்த்தேன்.]

‘குரல் என்பது மனிதனின்—’ [இதைப் பாதியில் விட்டதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.]

‘என் அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள்.’ [இது இருக்கட்டும்.]

3

நடத்துகிறாள். இரண்டு கார், ஒரு சின்ன அலுவலகம், சுவரில் கிளட்ச் படம். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு முன் குரலைச் சேமித்துக்கொள்ளலாம் என்று ஒரு நிறுவனம் சொன்னது. அவர்கள் தரும் வாக்கியங்களை வாசித்துப் பதிவுசெய்ய வேண்டும். பிறகு எதைத் தட்டச்சு செய்தாலும் போன் அதே குரலில் பேசும். எதிரொலி வராமலிருக்க அக்கா துணி அலமாரிக்குள் உட்கார்ந்து வாசித்தாள். ‘இன்று வானிலை இனிமையாக இருக்கிறது.’ ‘தங்கள் உதவிக்கு மிக்க நன்றி.’ ஃபேனை நிறுத்திவிட்டு, வெளியே வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தது நான்.

(அந்த மரியாதை வாக்கியங்களின் வினை: எதைச் சொன்னாலும் செய்தி வாசிப்பதுபோல்தான் வருகிறது. கெட்ட வார்த்தை என்றால் செயலி மறுத்தே விடும். ஒருமுறை என்னை ‘எருமை’ என்று திட்டப் பார்த்தாள். ‘இது எங்கள் சமூக நெறிகளுக்குப் பொருந்தாது’ என்று வந்தது. அக்கா யோசித்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்தபடி போனைப் பேசவிட்டாள்: ‘எருமை மிகவும் பயனுள்ள விலங்கு.’)

ஓடும் காரில் தட்டச்சு செய்ய நேரமிருக்காது. அதனால் அங்கே மோதிர விரலால் டேஷ்போர்டில் ஒரு தட்டு என்றால் பிரேக். இரண்டு தட்டு என்றால், செத்தோம்.

4

இனி என் பங்கு. அந்தக் குரல் நிறுவனத்தில் அக்காவுக்குக் கணக்குத் திறந்தபோது என் மின்னஞ்சல் முகவரியைத்தான் கொடுத்தேன். நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கியது, பெயர் மாறியது. (புதிய பெயரைக் கிண்டல் செய்து ஒரு பத்தியும் எழுதினேன். எழுதியதும் மறந்தேன்.)

போன வாரம் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. ‘ஓர் அழகான பயணம் நிறைவடைகிறது.’ என் பெட்டியில் தினமும் முப்பது பத்திரிகைக் குறிப்புகள் விழும். இதுவும் ஒன்று என்று நினைத்தேன். ‘அன்பான பயனாளரே’ என்று ஆரம்பித்ததைக் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை. குரல் சேமிப்புச் சேவை அடுத்த வெள்ளி நண்பகலோடு மூடப்படும். நினைவுப் பரிசாக ஒவ்வொருவரும் தாங்கள் விரும்பும் நூறு வாக்கியங்களைத் தங்கள் குரலில் ஒலிக்கோப்புகளாக இறக்கிக்கொள்ளலாம். இதுவரை படித்தேன். இதற்கே கை பரபரத்துவிட்டது.

புதன்கிழமை அச்சில் வந்தது இது: ‘சொந்தக் குரலை அடுத்தவன் வீட்டுப் பரணில் போட்டுவைத்த புத்திசாலிகளுக்கு என் அனுதாபங்கள். இனி வாயைத் திறந்து பேசிப் பழகுங்கள். நூறு வாக்கியம் தாராளம். என் சொந்தக்காரர்கள் பலர் அதைவிடக் குறைவாகப் பேசியே ஒரு ஆயுளை ஓட்டியிருக்கிறார்கள்.’

5

அன்று காலை அக்கா ஆபீஸுக்கு வரச் சொன்னாள். போனேன். மேஜைமேல் போனை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அக்காவின் குரலில் என் பத்தி ஓடியது. முழுதும். நிதானமாக, உச்சரிப்புச் சுத்தமாக, ‘என் அனுதாபங்கள்’ உட்பட.

முதலில் பெருமைப்பட்டேன். [இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெருமைப்பட்டேன்.] பிறகு அவள் போனை என் பக்கம் திருப்பினாள். திரையின் உச்சியில், நான் கிண்டல் செய்த அந்தப் பெயர்.

“அக்கா…”

அவள் தட்டச்சு செய்தாள். போன் பேசியது: “வாயைத் திறந்து பேசிப் பழகணுமாடா?”

“சத்தியமா தெரியாதுக்கா. நான்… லெட்டர் எனக்குத்தான் வந்துச்சு. படிச்சேன். முழுசா படிக்கல.”

“எட்டு வருஷமா நீ எதைத்தான் முழுசா படிச்சே?”

திட்டுதான். ஆனால் வானிலை அறிக்கை தொனியில் வந்தது. அதுதான் தாங்கவில்லை.

“வேற ஆப் இருக்கேக்கா,” என்றேன், முட்டாள்தனமாக.

“இருக்கு. அதுல யாரோ ஒருத்தி பேசுவா. நல்லாத்தான் பேசுவா. நான் இருக்க மாட்டேன்.”

6

கதை என்றால் இங்கே ஒரு வழி பிறக்க வேண்டும். முயன்றேன்.

என் மன்னிப்புப் பத்தி ஊரெல்லாம் பரவி, நிறுவனம் மனம் மாறுகிறது. [பத்திரிகை ஆசிரியர் படித்துவிட்டுச் சொன்னார்: “உன் பத்திய நாலு பேர் படிக்கறாங்க. அதுல ஒருத்தர் உங்க அக்கா.”]

நிறுவனத்தின் இளகிய மனதுள்ள பொறியாளர் ஒருவர் குரலை ரகசியமாக எடுத்துக் கொடுக்கிறார். [எழுதிக் கேட்டேன். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது’ என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது.]

பழைய வீடியோக்களிலிருந்து குரலைத் திரட்டுகிறோம். [எல்லாவற்றிலும் கேமராவுக்குப் பின்னால் நின்றவள் அவள். ‘சிரி, சிரி’ என்பதைத் தவிர எதுவும் இல்லை. அலமாரிப் பதிவுகளோ அவர்களிடம்தான் இருக்கின்றன. திருப்பித் தர ஒப்பந்தத்தில் இடமில்லையாம்.]

மிச்சமிருப்பது நூறு வாக்கியங்கள்.

7

பட்டியல் போட உட்கார்ந்தோம். நான் ஆழமானவற்றை முன்மொழிந்தேன். ‘வாழ்க்கை ஒரு—’ என்பதற்குள் டேஷ்போர்டில் தட்டுவதுபோல் மேஜையைத் தட்டினாள். பிரேக்.

அவள் தேர்ந்தெடுத்தவை: ‘கதவைச் சாத்து.’ ‘யாரு?’ ‘எனக்கு வேணாம், நீ சாப்பிடு.’ ‘கண்ணாடியப் பாத்து ஓட்டு, அழகு பாக்கறதுக்கு இல்ல.’ எருமை வாக்கியமும் உண்டு. என் முன்னாலேயே சேர்த்தாள். நாற்பத்தொன்றாவது வாக்கியம், சிக்னலில் திகைத்து நிற்கும் மாணவர்களுக்கானது.

தொண்ணூற்றொன்பது முடிந்தது. இன்று வெள்ளிக்கிழமை, பதினொன்றே முக்கால். போனை என்னிடம் நீட்டினாள்.

“கடைசி உனக்கு. நீதானே எழுத்தாளன். என் குரல்ல உனக்கு என்ன கேக்கணும்? எழுது.”

‘நான் உன்னை மன்னி—’ [நானே எழுதிக்கொண்டால் அது மன்னிப்பா?]

‘கவலைப்படாதேடா, எல்லாம்—’ [பொய்.]

‘டேய்—’ [இதோடு விட்டுவிடலாமா? அவள் ‘டேய்’ மட்டும் போதுமா?]

ஒரு ஜோக் கூட வரவில்லை. எனக்கே அதிர்ச்சி. இரவல் கேட்கிறேன், வாசகரே: உங்களுக்கு வேண்டியவர் குரலில் இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் என்றால், எதைக் கேட்பீர்கள்? கட்டம் காலியாக இருக்கிறது. பதினொன்று ஐம்பத்தெட்டு.

அக்கா என் கையிலிருக்கும் போனை எட்டி, நாற்பத்தொன்றை அழுத்துகிறாள்:

“பச்சை விழுந்து எவ்ளோ நேரமாச்சு. பின்னாடி ஹார்ன் அடிக்கறான் பாரு. பயப்படாம எடு.”