இடதுபக்கத்து சீட்டு

மகன் முனீரின் உடல் வைத்த சந்தூக்கைத் தோளில் ஏற்ற ஆட்கள் குனிந்தபோதுதான் லதீஃபாவின் காதில் அந்தப் பேச்சு விழுந்தது.

"முனீர்தான் ஓட்டியிருக்கான். அன்சார் வேணாம் வேணாம்னு சொல்லியும் கேக்கலையாம்."

சொன்னவர் அவள் கணவனின் அண்ணன் சிகாபுதீன். இடக்கொச்சியிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்களிடம் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். குரல் உடைந்திருந்தது. அந்த அழுகை பொய்யில்லை. முனீர் அவர் மடியில் கிடந்து வளர்ந்த பிள்ளை.

கலிமா சொல்லும் குரல்கள் எழுந்தன. சந்தூக்கு படியிறங்கித் தெருவுக்குப் போனது. பெண்கள் கதவுக்கு உள்ளேயே நின்றுவிட்டார்கள்.

"அவரு என்ன சொல்றாரு?" என்று பக்கத்தில் நின்றவளிடம் லதீஃபா கேட்டாள். அவளுக்குப் புத்தி பேதலிக்கிறது என்று நினைத்து அந்தப் பெண் அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

முந்தின நாள் காலையில் அவள் மாடி ஜன்னலில் நின்று பார்த்திருந்தாள். அம்பாசடர் கார் தெருமுனையில் திரும்பியது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவன் சிகாபுதீனின் மகன் அன்சார். முனீர் இடதுபக்கத்து சீட்டில் உட்கார்ந்து கையை வெளியே தொங்கப் போட்டிருந்தான். "கைய உள்ள எடுடா" என்று கத்தினாள். எடுத்துக்கொண்டான். அவனிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அது.

அன்சாருக்குப் பதினாறு வயது. மட்டாஞ்சேரி கடைத்தெருவில் சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டிகளுக்கு நடுவே அவன் காரை வளைத்து எடுத்து வருவதைப் பார்க்க சிகாபுதீன் கடை வாசலுக்கே வந்து நிற்பார். கால் எட்டாத வயதில், முதுகுக்குத் தலையணை கொடுத்து அவர் பழக்கிய வித்தை. "லைசென்ஸ் எல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்குத்தான்" என்பார். எதிர்த்த சாயாக்கடைச் சேட்டன் கை தட்டுவான். ரோந்து வரும் போலீஸ்காரர்கள்கூடச் சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழிவிடுவார்கள்.

லதீஃபா ஒருமுறை சுல்ஃபத்திடம் சொல்லிப் பார்த்தாள். சுல்ஃபத் அன்சாரின் அம்மா. ஒரே வீட்டில், ஒரே அடுக்களையில் இருவரும் இத்தனை வருடம் புழங்கியவர்கள்.

"அக்கா, சின்னப் பிள்ளைக ரெண்டும் தனியா கார்ல போறது எனக்குப் பயமா இருக்கு."

"உன் பிள்ளைக்கு சைக்கிள்கூட வரலைன்னு உனக்கு எரிச்சல்" என்று சுல்ஃபத் சிரித்தாள்.

அது உண்மைதான். முனீருக்கு சைக்கிள் வராது. சின்ன வயதில் ஒருதடவை சாக்கடையில் விழுந்ததோடு அவன் சைக்கிளைத் தொடவில்லை. அன்சார் கூப்பிட்டால் கூடப் போவான், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வெலிங்டன் தீவின் ரோடுகள் ஆளில்லாமல் கிடக்கும். கார் எவ்வளவு வேகம் போகும் என்று பார்க்க அன்சாருக்கு ஆசை. ஓரத்தில் ஒரு டிரெய்லர் லாரி நின்றிருக்கிறது. கடைசி நேரத்தில் அதைப் பார்த்து வலதுபக்கம் ஒடித்திருக்கிறான். காரின் இடதுபக்கம் முழுக்க லாரிக்கு அடியில் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் லதீஃபாவின் காலைக் கட்டிக்கொண்டு, "திருப்பினேன் சின்னம்மா, நான் திருப்பினேன்" என்று அவன் அழுததை நேற்று எத்தனையோ பேர் கேட்டார்கள்.

இன்று அன்சார் வலதுகைக் கட்டோடு உள்ளறையில் படுத்திருந்தான். அவனை யாரிடமும் பேசவிடவில்லை.

அடக்கம் முடிந்து அவள் கணவன் இஸ்மாயில் வந்தான். கணுக்கால்வரை கபரஸ்தான் மண். லதீஃபா அவனை மாடிப்படிக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"உங்க அண்ணன் என்ன சொல்லிட்டுத் திரியறாரு? கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"கேட்டுட்டு?"

அவன் சுவரைப் பார்த்தான். "போனவனை எந்தக் கோர்ட்டும் ஒண்ணும் செய்யாது லதீ. இருக்கறவனை ஜெயில்ல போட்டா நம்ம முனீர் எழுந்திரிச்சு வருவானா?"

"இது அவரு சொன்னதா, நீங்க சொல்றதா?"

இஸ்மாயில் காலில் ஒட்டிய மண்ணைப் படியில் தேய்த்தான். அண்ணன் கடையில்தான் அவன் வேலை பார்த்தான். அண்ணன் வீட்டில்தான் குடியிருந்தான். கோபம் வரும்போதுகூட அவனுக்கு அண்ணனின் முகம் பார்த்துத்தான் வரும்.

"அவன் ஓட்டலைங்க. அவன் பயந்த பிள்ள. செத்தவன் மேல இத எப்படிங்க போடுவாங்க?"

"மெல்லப் பேசு. ஆளுங்க இருக்காங்க."

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். முன்னறையில் சிகாபுதீன் அவருக்கு நாற்காலி போட்டார். லதீஃபா உள்ளே, வாசல் திரைக்குப் பின்னால் நின்றாள். எல்லோரிடமும் கேட்டு முடித்துவிட்டு அவர் திரையைப் பார்த்து மலையாளத்தில், "உம்மா, மோனு வண்டி ஓடிக்கான் அறியாமாயிருந்நோ?" என்றார். உங்கள் பையனுக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருந்ததா என்ற கேள்வி.



"தெரியாது சார்" என்றாள் லதீஃபா. "எம்பிள்ளைக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அவன் இடதுபக்கத்து சீட்டுல உக்காந்திருந்தான். நான் கண்ணால பார்த்தேன்."

திரையின் இடுக்கில் இஸ்மாயிலின் முதுகு தெரிந்தது. அவன் முன்னால் ஒரு அடி வைத்தான். எஸ்.ஐ.யிடம் மலையாளத்தில் பணிவாகச் சொன்னான்: "அவ தமிழ்நாட்டுக்காரி சாரே, வெப்ராளத்தில பறயுகயாணு. கொறச்சொக்கெ ஓடிக்குமாயிருந்நு என்னாணு பறஞ்ஞது."

பதற்றத்தில் பேசுகிறாள், பையன் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டுவான் என்றுதான் அவள் சொன்னதாக.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தத் தெருவில் மீன்காரியிடமும் பால்காரனிடமும் லதீஃபா மலையாளத்தில்தான் பேசிவருகிறாள். அது இஸ்மாயிலுக்கும் தெரியும். எஸ்.ஐ.க்கும் தமிழ் புரிந்திருந்தது. அவர் இஸ்மாயிலின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சிகாபுதீனைப் பார்த்தார். குனிந்து எழுதினார். எழுதி முடித்து, ஆறிப்போயிருந்த சாயாவைக் குடித்துவிட்டு எழுந்தார்.

லதீஃபா மறுபடி வாயைத் திறந்தாள். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் வைப்பின் தீவிலிருந்து படகேறிப் பெண்கள் வந்தார்கள். லதீஃபாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்து சுல்ஃபத்திடம் திரும்பினார்கள். "முனீர் செஞ்ச சேட்டைக்கு உம்பிள்ளையும் போயிருப்பானே சுல்ஃபத்து. அல்லாஹ் உனக்கு மிச்சம் வச்சான்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி லதீஃபாவின் காதில், "நீ சுல்ஃபத்துகிட்ட ஒரு வார்த்தை பொறுத்துக்கச் சொல்லிரு. அவளும் பெத்தவதானே" என்றாள்.

சுல்ஃபத் லதீஃபாவைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். லதீஃபா தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனாள். அன்சார் பலகையில் உட்கார்ந்திருந்தான். சுல்ஃபத் முள் நீக்கி, சோற்றைப் பிசைந்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். லதீஃபாவைப் பார்த்ததும் அவள் கை பாதியில் நின்றது. உருண்டையைத் தட்டிலேயே போட்டுவிட்டு, "வந்தவங்க கெளம்புறாங்கபோல" என்று எழுந்து வெளியே போனாள்.

அன்சார் தலையை நிமிர்த்தினான்.

"சின்னம்மா, நான் உண்மையச் சொல்றேன்னுதான் சொன்னேன். அத்தாதான்..."

"சாப்பிடு" என்றாள் லதீஃபா.

அவன் தட்டைப் பார்த்தான். கட்டுப்போட்ட வலதுகையைப் பார்த்தான். பிறகு இடதுகையால் சோற்றை அள்ளினான். வாய்க்குப் போகுமுன் பாதி சிந்திவிட்டது. மறுபடி அள்ளினான். அதுவும் மடியிலும் தரையிலும் விழுந்தது.

லதீஃபா தண்ணீர்க் குவளையைக் கையில் பிடித்தபடி, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.